வரிசையில் நிற்காத மந்திரவாதி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடல்களுக்கு அப்பால், வருஷம் பூராவும் தூறிக்கொண்டே இருக்கும் இங்கிலாந்து தேசத்தில், நெட்டில்பி என்று ஒரு குக்கிராமம். ஒரு மாதாகோயில், ஒரு வாத்துக் குளம், ஒரு ரொட்டிக்கடை, சுற்றிலும் செம்மறி ஆடுகள். அவ்வளவுதான் ஊர்.

அந்த ஜனங்களுக்கு ஒரு வியாதி. மரியாதை வியாதி! காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். இப்படி இருந்தால் மந்திரவாதி வராமல் இருப்பானா? வந்தான்.

"பாதிரியாரே, உம் வீட்டில் நான் தங்கலாமா?"

"அதற்கென்ன, தாராளமாக!" பாதிரியார் ஆட்டுக்கொட்டகைக்குக் குடிபோனார்.

"அம்மணி, உன் பசுவை எடுத்துக்கொள்ளலாமா?"

"அதற்கென்ன, தாராளமாக!" விதவை ப்ளம்லி அம்மாள் பால் இல்லாத தேநீர் குடித்தாள்.

"ரொட்டிக்கடை ஆம்ப்ரோஸே, மாதாகோயில் கோபுர உச்சியில் காற்றுத்திசை காட்ட இரும்புச் சேவல் இல்லையே. நீர் கொஞ்சம் நிற்கிறீரா?"

அந்த மனுஷன் அதற்கும், "அதற்கென்ன, தாராளமாக!" என்று சொல்லித் தொலைத்தான். அடுத்த நொடி இரும்புச் சேவலாகி உச்சியில் கிறீச்சிட்டுச் சுற்றினான்.

அவன் மனைவி ஹெஸ்டர் கீழே நின்று கத்தினாள். "அறிவிருக்கிறதா உமக்கு?"

"மறுத்தால் அவர் மனசு நோகுமே, ஹெஸ்டர்."

"என் மனசு இப்போது குளுகுளுவென்று இருக்கிறதாக்கும்!"

"கேள். பக்கத்துப் பாதிரியார் வீட்டில் மந்திரவாதி முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. மூன்று பேர் நேருக்கு நேர் 'முடியாது' என்றால் அவன் மந்திரம் செத்துவிடும். வெண்பனி கொட்டுவதற்குள் சொல்லுங்கள். கொட்டிவிட்டால் நான் என்றைக்கும் இரும்புதான்."

மூன்றே பேர்! ஒரே சொல்! பாதிரியார் போனார், குடையைக் கொடுத்துவிட்டு வந்தார். ப்ளம்லி அம்மாள் போனாள். ஜாம் சீசாவைக் கொடுத்துவிட்டு வந்தாள். சரி என்று ஹெஸ்டரே போனாள். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பித்து, கம்பளியைக் கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள்.

வானம் சாம்பலாகிக் கறுத்தது. ஹெஸ்டர் யோசித்தாள். இவர்கள் வீட்டை விடுவார்கள், பசுவை விடுவார்கள், அடுத்தவள் புருஷனையும் விடுவார்கள். ரொட்டிக்கடை வரிசையில் தங்கள் இடத்தை மட்டும் விடமாட்டார்கள்!

தினமும் மந்திரவாதி வீட்டுக்கு அனுப்பும் ரொட்டியை மறுநாள் அவள் அனுப்பவில்லை. பசி தாங்காமல் அவனே வந்தான். எல்லாரையும் தாண்டி நேராக முன்னால் போனான்.

"முதல் ரொட்டி எனக்கு. விட்டுக்கொடுக்கிறீர்களா?"

வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த ஊரில் அது வாளை உருவியதற்குச் சமம்.

"முடியாது!" பாதிரியாரின் காது சிவந்தது. "விடிந்ததிலிருந்து நிற்கிறேன்!" மந்திரவாதியின் தொப்பி சுருங்கியது.

"முடியாது!" என்றாள் ப்ளம்லி அம்மாள். "பசுவைக் கொடுத்தேன். இடத்தைக் கொடுக்கமாட்டேன்!" அவன் தாடி உதிர்ந்தது.

அவன் ஹெஸ்டரிடம் குழைந்தான். "நீயாவது, தயவுசெய்து..."

அவளுடைய பாழாய்ப்போன நாக்கு, 'அதற்கென்ன' என்று புரண்டது. ஜன்னலுக்கு வெளியே முதல் வெண்பனித் துணுக்கு மிதந்து இறங்கியது.

"மு... முடியாது! பின்னால் போய் நில்லும்!"

மந்திரவாதி ஒரு வாத்தாகி, வரிசையின் கடைசிக்கு ஆடி ஆடிப் போனான். கோபுரத்திலிருந்து மனுஷனாக இறங்கிய ஆம்ப்ரோஸ் கடைக்குள் ஓடிவந்தான்.

"ஹெஸ்டர்! குளிர் உயிர் போகிறது, ஒரு ரொட்டி..."

வரிசை முழுக்க இருமியது. ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். ஆம்ப்ரோஸ் போய் வாத்துக்குப் பின்னால் நின்றான்.

வீடு பாதிரியாருக்கு, பசு ப்ளம்லி அம்மாளுக்கு, புருஷன் ஹெஸ்டருக்கு. முறை வந்ததும் வாத்துக்கும் ஒரு துண்டு ரொட்டி. கதை கேட்ட நீங்களும் தள்ளாமல் வாருங்கள், சூடாக இருக்கிறது.