முதலாளி ஓட்டிய கார்

ரைஸ்மில் முதலாளி சிங்காரவேலுவின் பழைய காரில், ரேடியேட்டர் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் மாற்ற மாற்ற வெடித்தது.

"எல்லாம் நீ ஓட்டுற லட்சணம்தான்யா! இன்னொரு தடவை வெடிச்சா, ஓட்டினவனுக்கு வேலை கிடையாது" என்றார் டிரைவர் அந்தோணிசாமியிடம்.

"அப்படின்னா இன்னைக்கு நீங்க ஓட்டுங்க முதலாளி. நான் பின்னால உட்கார்ந்து கத்துக்கிறேன்."

முதலாளி பெருமையாக ஓட்டினார். சந்தை வாசலில் ஹோஸ் வெடித்து ஆவி கிளம்பியது. கூட்டம் கூடிவிட்டது.

கார் ஆறியதும் அந்தோணிசாமி ரேடியேட்டர் மூடிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குழாயைக் காட்டினான். தண்ணீர் சிந்துகிறதென்று முதலாளியே அதை அடைத்துவைத்திருந்தார்.

"ஆவி போக வழியில்லாம ஹோஸ் கிழியுது. முன்னாடியே சொன்னேனே முதலாளி."

அடைப்பை எடுத்துப் புது ஹோஸ் மாட்டியதும் மெதுவாகக் கேட்டான்: "அப்போ, ஓட்டினவருக்கு வேலை?"

முதலாளி சிரித்துவிட்டார். "போச்சுய்யா! நீ முன்னால வா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.