சாமரக்காரியின் தும்மல்

வேங்கைநாடு, வேங்கைநாடு என்று ஒரு நாடு. வெகுகாலத்துக்கு முன்னால் அதை உதயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒரு மாசம் மல்யுத்தம் என்பான், அடுத்த மாசம் கிளி வளர்ப்பு என்பான். அந்த வருஷம் அவனைத் தியானம் பிடித்துக்கொண்டது.

விடிந்ததும் பூஜை மண்டபத்தில் புலித்தோலை விரித்து உட்கார்வான். "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று சாமியிடம் ஒரு வரி வேண்டிக்கொண்டு கண்ணை மூடுவான். கட்டளை ஒன்றும் போட்டிருந்தான்: "நான் தியானத்தில் இருக்கும்போது மண்டபத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. மீறினால் நாடு கடத்திவிடுவேன்!"

ஆனால் ராஜாவுக்கு வியர்க்குமே? அதனால் அங்காயி என்பவள் எப்போதும்போல அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சாமரம் வீசினாள். கட்டளை போட்டவனுக்கும் சரி, கேட்டவர்களுக்கும் சரி, அவள் ஞாபகமே வரவில்லை.

ஒரு நாள் உதயகண்டன் மூச்சை அடக்கி, மனசைப் புருவ மத்தியில் நிறுத்தினான். மெய்யாகச் சொன்னால், மடைப்பள்ளியில் நெய்யில் வெந்துகொண்டிருந்த அதிரசத்தின் மேல்தான் நிறுத்தினான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து மண்டபமே அதிர ஒரு தும்மல்!

"யாரது உள்ளே?" கண்ணைத் திறக்காமலே ராஜா கேட்டான்.

வாசலில் நின்ற கோதண்டராயர் எட்டிப் பார்த்தார். இவர் சபையின் மூத்த பிரபு. மந்திரி மருதவாணர் மேல் தீராத வயிற்றெரிச்சல் கொண்டவர்.

"யாருமில்லை மகாராஜா, சாமரக்காரிதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. அங்காயியை அரண்மனை வேலையில் சேர்த்துவிட்டதே மருதவாணர் அல்லவா! "கட்டளையை மீறி உள்ளே இருந்திருக்கிறாள் மகாராஜா! தங்களுக்குக் கைகூட இருந்த சமாதி நிலை போச்சே!"

சமாதி நிலை என்றதும் ராஜா அதிரசத்தை மறந்துபோனான். "கடத்துங்கள் நாட்டை விட்டு!"

சபை கூடியது. குற்றம் சுமத்தப்பட்டவளே சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்று சாமரம் வீசிக்கொண்டிருந்தாள். வேறு யார் வீசுவது? நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அவள் குரல் மட்டும் வந்தது.

"மகராசா, என் புருஷனுக்குக் கால் விளங்காது. அந்த மனுஷனைத் தூக்கிக்கிட்டு நான் எந்த எல்லையைத் தாண்டுவேன்? தும்மல் என்னைக் கேட்டுக்கிட்டா வருது?"

மருதவாணர் எழுந்தார். "மகாராஜா, இவள் கட்டளையை மீறவே இல்லை."

"அப்படியா? நிரூபியும். இல்லாவிட்டால் நீரும் அவளோடு நடையைக் கட்டும்!"

கோதண்டராயர் மீசையைத் தடவிக்கொண்டார். மருதவாணர் அவர் பக்கம் திரும்பினார்.

"பிரபுவே, உள்ளே யார் என்று ராஜா கேட்டபோது எட்டிப் பார்த்தது யார்?"

"நானேதான்!"

"என்ன பதில் சொன்னீர்கள்?"

கோதண்டராயர் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லுமய்யா!" என்றான் ராஜா.

"யாருமில்லை என்று..."

"கேட்டீர்களா மகாராஜா? யாரும் இருக்கக் கூடாது என்பது தங்கள் கட்டளை. யாருமில்லை என்கிறார் கண்ணால் கண்ட சாட்சி. பிறகு யாரை நாடு கடத்துவது?"

சபை குலுங்கிச் சிரித்தது. கோதண்டராயருக்கு மூக்கு சிவந்தது. "இது வெறும் வாய்ஜாலம்! அவளும் ஒரு ஆள்தானே?"

"அப்படி வாங்க வழிக்கு! ஆள் என்றால், இன்று காலை 'எல்லாரும் நல்லா இருக்கணும்' என்று மகாராஜா வேண்டியதில் இவளும் சேர்த்திதானே? காலையில் இவளை நல்லா வை என்று கேட்டுவிட்டு, மத்தியானம் நாமே விரட்டினால், பாவம், சாமி எந்தப் பேச்சைக் கேட்கும்?"

ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் வேண்டுதலில் எல்லாரும் சேர்த்திதான் ஓய்!"

"பார்த்துவிடலாமே. திரும்பிப் பார்க்காமல் கண்ணை மூடுங்கள். அங்காயியின் முகத்தை மனசுக்குள் கொண்டுவாருங்கள்."

இதென்ன பிரமாதம் என்று உதயகண்டன் கண்ணை மூடினான். வெள்ளைச் சாமர மயிர் வந்தது. வெள்ளிப் பிடி வந்தது. அதைப் பிடித்த கை வந்தது, இரண்டு கண்ணாடி வளையல் வந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. மூக்கு எப்படி? கண் எப்படி? எத்தனை வருஷமாக இவள் வீசும் காற்றில் உட்கார்ந்திருக்கிறோம்! கழுத்தில் வியர்த்தது. வியர்த்த இடத்துக்கே காற்று வந்தது. தனக்கு எங்கே வியர்க்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தியானம் என்று உட்கார்ந்த நாளிலிருந்து முதல்முறையாக ராஜாவின் மனசு ஓரிடத்தில் நின்றது.

எழுந்தான். திரும்பினான். அகலமான கண், கன்னத்தில் அம்மைத் தழும்பு, பயத்தில் காய்ந்த உதடு. சாமி முன்னால் கூப்புவதுபோலவே கை கூப்பினான்.

"நீ எங்கேயும் போக வேண்டாம், அம்மா. அரண்மனை வைத்தியர் இன்றைக்கே உன் வீட்டுக்கு வருவார்." பிறகு திரும்பிக் கத்தினான்: "கோதண்டராயரே! நாளை முதல் நீர் சாமரம் வீசும். அதுதான் உமக்குத் தண்டனை!"

"மகராசா" என்றாள் அங்காயி, மெதுவாக. "அது என் பொழைப்பு. அதைப் போய்த் தண்டனைங்கிறீங்களே."

ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தத் தண்டனையை விட்டுவிட்டான். முத்துமாலையைக் கழற்றி மருதவாணர் கழுத்தில் போட்டான். மருதவாணர் வேண்டாமென்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து 'எல்லாரும்' என்று மொத்தமாக வேண்டுவதை உதயகண்டன் விட்டுவிட்டான். ஒவ்வொரு முகமாக மனசுக்குள் வரவழைத்து, அவர்களுக்காக வேண்டினான். முகம் வரவில்லையென்றால், எழுந்து போய் நேரில் பார்த்து, பேர் கேட்டு, கும்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான். குதிரைக்குப் புல் அறுக்கிறவர்கள், அகழியில் பாசி அள்ளுகிறவர்கள் என்று அது வளர்ந்துகொண்டே போனது. சபையோ வெயில் ஏறும் வரை காத்துக் கிடந்தது.

பொறுக்க முடியாமல் கோதண்டராயர் கேட்டார்: "மந்திரியாரே, என் முகம் வந்துவிட்டதா, இல்லையா?"

"அவசரப்படாதீங்க பிரபுவே. இதுவரை யாருமில்லையென்று இருந்தவர்கள்தான் முதலில். ராஜா இப்போதுதான் யானைக் கொட்டாரத்துக்குப் போயிருக்கிறார்."