ஒரு வரியில் நின்ற கல்யாணம்

"கல்யாணம் கட்டப்போறவன் முதல்ல மனசைக் கூட்டணும், அப்புறம்..." எங்க பெரியப்பா இப்படி என்னமோ சொல்ல ஆரம்பிப்பாரு. மிச்சம் மறந்துபோச்சு. சரி, போர்த்திக்கோ. நீ 'ம்' போட்டாத்தான் கதை நகரும்.

ஒரு ஊர்ல ஒரு மீன்பிடிக்கிறவன் இருந்தான். பேரு சந்தியாகு. அவனுக்குப் பிரகாசின்னு ஒரு பொண்ணைப் பேசி முடிச்சிருந்தாங்க. அந்த ஊர்ல ஒரு வழக்கம். மாப்பிள்ளை கோயிலுக்கு வந்து, பங்குச்சாமின்னு சொல்ற பாதிரியார் முன்னாடி முழங்கால் போட்டு, சின்ன வயசுல படிச்ச ஜெபம் எல்லாம் ஒப்பிக்கணும். ஒப்பிச்சாத்தான் சாமி கல்யாணத்துக்கு நாள் குடுப்பாரு.

ம்?

அப்போ ஒரு சனிக்கிழமை, டாண் டாண்னு மணி அடிச்சதும் சந்தியாகு போனான். மடமடன்னு சொன்னான். எங்களுக்குக் கெடுதல் பண்ணினவங்களை நாங்க மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும்னு ஆண்டவர்கிட்ட கேக்குற வரி வருதுல்ல, அங்க வந்ததும் கப்புனு நின்னுட்டான்.

பின்னாடி இருந்த பொம்பளைங்க களுக்குனு சிரிச்சாங்க. "என்ன மாப்பிள்ளே, பொண்ணு முகம் குறுக்க வந்துட்டா?"

சாமி சிரிக்கல. "அடுத்த சனிக்கிழமை வா"ன்னாரு.

ஏன் நின்னான்? அவனுக்கு ஒரு அண்ணன் உண்டு, மிக்கேல். முந்தின வருஷம் அப்பாவும் மிக்கேலும் வள்ளத்துல போனாங்க. ஹோன்னு காத்து. அப்பா தவறித் தண்ணியில விழுந்து வலைக்குள்ள சிக்கிட்டாரு. வலையோட பாரம் வள்ளத்தை ஒரு பக்கமா இழுத்தது. மிக்கேல் கத்தியை எடுத்தான். சரக்! வலைக் கயிறை அறுத்துட்டான். வள்ளம் நிமிர்ந்தது. அப்பா போயிட்டாரு.

மறைச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவனேதான் கரையேறிச் சொன்னான். அம்மா அவன் சோறு தின்ன தட்டைத் தூக்கித் தெருவுல எறிஞ்சா. டணார்! அன்னையிலிருந்து அவன் ஊர்க் கடைசியில, முள்ளு உடைமரத்துக்குப் பக்கத்துல தனியாக் கிடந்தான். ஊர்ல ஒருத்தரும் பேசுறதில்ல. கூடப் பொறந்தவனும் பேசுறதில்ல.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் ரெண்டாவது சனிக்கிழமை. அதே வரியில திரும்பவும் நின்னுட்டான். வெளியில வந்தா பிரகாசியோட தாய்மாமன் நிக்கிறாரு. "ஏலே, எங்களுக்கெல்லாம் மனசுல இருந்தா வந்துச்சு? வாயைத் திறந்து சொல்லிட்டு மாலையைப் போடுவியா! இன்னும் ஒரு சனிக்கிழமைதான். அதுக்கப்புறம் தவசுகாலம், கோயில்ல கல்யாணம் கிடையாது. அது முடியிற வரைக்கும் எங்க பிள்ளை உனக்காகக் காத்துக்கிடக்காது. வேற மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறான்."

அப்போ சந்தியாகுக்குப் பயம் பிடிச்சது. வாயாலயே சொல்லிடுவோம்னு முடிவு பண்ணி, மீன் காயப்போட்டுக்கிட்டிருந்த பிரகாசிகிட்ட அதைச் சொன்னான். அவ கையிலிருந்த மீனைக் கீழ வைக்கவே இல்ல.

"நான் உங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள் பெரிய தப்புப் பண்ணுவேன். மனுஷிதானே, பண்ணத்தான் செய்வேன். அப்போ என் தட்டும் தெருவுக்குப் போகுமா?"

அவன் கீழ காஞ்சுக்கிட்டிருந்த மீனை ஒண்ணொண்ணாப் புரட்டிப்போட்டான்.

"சொல்லுங்க. பாய் விரிக்க உடைமரத்துக்கிட்ட இன்னும் இடம் இருக்கா?"

அவன் நேரா உடைமரத்துக்குப் போனான். மிக்கேல் எலும்பும் தோலுமா உக்காந்திருந்தான். தம்பியைப் பாத்ததும் எந்திரிச்சான்.

"அறுக்காம இருந்தா ரெண்டு பேரும் செத்திருப்பீங்க, அதானே?" சந்தியாகு கேட்டான். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டானான்னு அவனுக்கு ஏக்கம்.

"தெரியலலே. ஒருவேளை இழுத்துப் போட்டிருக்கலாம். பயந்துட்டேன்."

அம்புட்டுதான் சொன்னான். அழக்கூட இல்ல. சந்தியாகுக்கு அவனைக் கழுத்தைப் பிடிக்கணும்போல இருந்தது. திரும்பி நடந்துட்டான்.

அப்புறம் வீட்டுக்கு வந்தா, அவன் எங்க போயிட்டு வந்தான்னு அம்மாவுக்கு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. "உன் கல்யாணத்துக்கு அந்த மிக்கேல் கோயில் படி ஏறினா, நான் ஏறமாட்டேன். பெத்தவ நான் சொல்றேன். தாய் இல்லாம தாலி கட்டிக்கோ"ன்னா. சட்டுனு கதவைச் சாத்திக்கிட்டா. அவ விளையாட்டுக்குச் சொல்றவ இல்ல.

ம் சொல்லு கண்ணு. இன்னும் கொஞ்சந்தான்.

அப்போ மூணாவது சனிக்கிழமை வந்துடுச்சு. தாய்மாமன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பிரகாசி தூணுக்குப் பக்கத்துல. சந்தியாகு முழங்கால் போட்டான். சொல்லிக்கிட்டே வந்தான். அந்த வரி வந்தது. நின்னான்.

"மனசு வரல, சாமி. போய்ப் பாத்தேன். அப்பவும் வரல. பொய் சொல்லிப் பிரகாசியைக் கூட்டிட்டுப் போகவும் முடியல."

சாமி குனிஞ்சு கேட்டாரு. "மனசு வந்த பிறகுதான் மன்னிக்கணும்னா இந்த வரியை ஒருத்தரும் தாண்டமாட்டோம், மகனே. நானும்தான். உன் மனசை விடு. நீ என்ன செய்யப்போறே? அதைச் சொல்லு."

சந்தியாகு அம்மாவைப் பாத்தான். அவன் என்ன சொல்லப்போறான்னு அம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. எந்திரிச்சு வாசலுக்கு நடந்தா. காலடிச் சத்தம், டப், டப், டப். அவன் அவ போறதைப் பாத்துக்கிட்டே இருந்தான்.

அப்புறம் அந்த வரியை முழுசாச் சொன்னான். கல்யாணத்தன்னைக்குத் தனக்கு மாப்பிள்ளைத் தோழனா மிக்கேல் நிப்பான்னு சாமிகிட்ட சொன்னான்.

கதை கரைசேர்ந்துடுச்சு. கண்ணை மூடு, தூங்கு.