வன்னி இறக்கிய கதவு

கருங்குன்றின் அடிவாரத்தில் சின்ன மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கல்கோட்டை கட்டிக்கொண்டிருந்தன. முள்ளம்பன்றிகள் கல் உருட்டின. பெருச்சாளிகள் மண் குழைத்தன. முயல்கள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தன. இத்தனை பாடும் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருந்த ராட்சதக் குரங்குகளுக்குப் பயந்துதான். ஒவ்வொரு குரங்கும் பனை உயரம். பசியோடு வந்தால் கையில் அகப்பட்ட எதையும் விடாது.

கோட்டைக்குப் பின்னால் செங்குத்தான பாறை. முன்னால் ஒரே வாசல். வாசலுக்கு மேலே ஒரு பெரிய கல்பலகை கொடியில் தொங்கியது. அந்தக் கொடியைப் பிடித்திருந்த முளையை உருவினால் போதும், பலகை விழுந்து வாசலை அடைத்துவிடும். ஆனால் திரும்பத் தூக்குவது லேசில்லை. பின்னங்கால் பலமுள்ள எட்டு முயல்கள் சேர்ந்து கொடியை இழுக்க வேண்டும்.

முளையைக் காக்கும் வேலை வன்னிக்கு. வன்னி ஓர் அழுங்கு, எறும்புதின்னி. உடம்பு முழுக்கச் செதில். மண்ணைத் தோண்டுவதற்கென்றே வளர்ந்த நகம். ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. காய்ந்த இலை விழுந்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்வாள்.

"அதனால்தான் உன்னை வாசலில் வைத்திருக்கிறேன். ஆபத்து உனக்குத்தான் முதலில் தெரியும்" என்பார் ஈட்டியார். அவர்தான் கோட்டைத் தலைவர், பெரிய முள்ளம்பன்றி.

ஒரு நாள் மத்தியானம். எட்டு முயல்களும் ஓடைக்குப் போயிருந்தன. பள்ளத்தாக்கில் பறவைகளின் சத்தம் சட்டென்று நின்றது. காற்றே இல்லை. ஆனாலும் மரங்களின் உச்சி ஒவ்வொன்றாக வளைந்தது.

"வருகின்றன" என்றாள் வன்னி.

ஈட்டியார் ஓடிவந்தார். "முளையை எடு."

"முயல்கள் வெளியே இருக்கிறார்கள், தலைவரே."

"உள்ளே நாற்பது உயிர் இருக்கிறது. எடு."

வன்னி வெளியே பார்த்தாள். முயல்கள் சுரைக்குடுக்கைகளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்துகொண்டிருந்தன. எல்லாருக்கும் முன்னால் தும்பை என்ற முயல். வாசலுக்கும் அவளுக்கும் இரண்டு தாவல்கூட இல்லை.

"வன்னியக்கா, இரு! வந்துவிட்டேன்!"

தும்பைக்குப் பின்னால், இரண்டு மரங்களுக்கு நடுவே, ஒரு கறுத்த முகம் எழுந்தது. பற்கள் தெரிந்தன. வன்னியின் கை முளையை உருவிவிட்டது.

தும்பை வாசலை நோக்கிப் பாய்ந்த அதே நொடி பலகை விழுந்தது. கோட்டை இருண்டது.

"நல்ல வேலை செய்தாய்" என்றார் ஈட்டியார். வெளியே முயல்கள் சிதறி ஓடுவது கேட்டது. பிறகு தரை அதிர நடக்கும் சத்தம். அந்தச் சத்தம் வாசலில் நிற்கவில்லை. மேலே ஏறியது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. குரங்குகள் கூரைக் கற்களைப் பெயர்க்கத் தொடங்கியிருந்தன.

"வெளியே ஓடிவிடலாம்" என்று பெருச்சாளிகள் அலறின. கொடியைப் பிடித்து இழுத்தன. முள்ளம்பன்றிகளும் மூச்சுப் பிடித்து இழுத்தன. பலகை ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அதைத் தூக்கத் தெரிந்தவர்கள் வெளியே இருந்தார்கள்.

மேலே ஒரு கல் நகர்ந்தது. வெளிச்சம் விழுந்தது. அடுத்த நொடி ஒரு மஞ்சள் கண் வந்து அந்த வெளிச்சத்தை அடைத்துக்கொண்டது.

வன்னி வாசல் மூலையில் போய்ச் சுருண்டாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். பலகைக்கு அடியில் ஒரு காது நுனி நசுங்கிக் கிடந்தது. அது நடுங்கியது.

"தும்பை?"

"மெதுவாகப் பேசு, அக்கா. ஒரு குரங்கு என் தலைக்கு மேலேயே நிற்கிறது. நான் கல்லோடு கல்லாகக் கிடக்கிறேன்."

"வலிக்கிறதா?"

"வலிக்கிறது."

தும்பையே தொடர்ந்து சொன்னாள். "மற்றவர்கள் ஓடைப் பக்கத்து முள்புதருக்குள் போய்விட்டார்கள். அதற்குள் குரங்கு கை விடாது. அங்கே மண்ணும் இளக்கம். நீ உள்ளேயிருந்து அந்தப் பக்கம் பார்த்துத் தோண்டு. சத்தம் கேட்டால் அவர்களும் தோண்டுவார்கள்."

வன்னி மண்ணில் நகத்தை வைத்ததும் ஈட்டியார் குறுக்கே வந்தார். "பைத்தியமா உனக்கு? ஓட்டை போட்டால் அந்த வழியாகக் கை நீளும்."

"மேலேயே ஓட்டை விழுந்துவிட்டது, தலைவரே."

முதலில் பலகைக்கு அடியில் தோண்டினாள். கிழிந்த காதோடு தும்பை சறுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வன்னி அந்தக் குழியை மண்ணால் மூடிவிட்டு, ஓடைப் பக்கம் திரும்பித் தோண்டினாள். கை அளவு ஆழம் போயிருப்பாள். கூரை வழியாக ஒரு கறுத்த கை இறங்கியது. துழாவியது. வன்னியின் வாலைப் பிடித்துத் தூக்கியது.

வன்னி சுருண்டுகொண்டாள். குரங்கு கடித்தது. செதிலில் பல் வழுக்கியது. இன்னொரு முறை கடித்தது. பிறகு எரிச்சலோடு அவளைக் கீழே வீசியது. விழுந்ததில் இரண்டு நகங்கள் ஒடிந்தன. கை இன்னும் கோட்டைக்குள் துழாவிக்கொண்டிருந்தது. அப்படியே சுருண்டு கிடந்துவிடலாம் என்றுதான் வன்னிக்குத் தோன்றியது.

"அக்கா, எழுந்திரு" என்றாள் தும்பை. "இந்தக் கெட்டி மண்ணில் பெருச்சாளிகளின் நகம்கூட இறங்காது. உன்னைத் தவிர யாராலும் தோண்ட முடியாது."

உடம்பை அவிழ்ப்பதற்குள் வன்னிக்கு உயிர் போய் வந்தது. அவிழ்த்தாள். மீதி நகங்களால் தோண்டினாள். கை நெருங்கியபோது ஈட்டியார் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அதற்குக் குறுக்கே நின்றார். முள் குத்திய குரங்கு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அலறியது. அதற்குள் எதிர்ப்பக்கத்து மண் பொலபொலவென்று சரிந்தது. ஒரு முயலின் மூக்கு தெரிந்தது.

ஒவ்வொருவராக அந்தக் குழி வழியே நகர்ந்தார்கள். கடைசியாக ஈட்டியார் வந்தார். வன்னியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. முள்புதருக்குள் எல்லாரும் ஒட்டி உட்கார்ந்து, கோட்டை கல் கல்லாக உடைவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் குரங்குகள் போயின. கோட்டை இல்லை. ஆனால் ஓர் உயிரும் குறையவில்லை.

"உன்னைப் பார்த்துக்கொண்டேதான் முளையை எடுத்தேன்" என்றாள் வன்னி.

"தெரியும். நானும் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் ஓடிவந்தேன்" என்றாள் தும்பை. அவள் அருகில் வரவில்லை. விலகிப் போகவும் இல்லை.

பயத்தில் தன்னவர்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறவர், தன்னைக் காப்பாற்றக்கூடிய கைகளையும் வெளியே விட்டுத்தான் சாத்துகிறார்.