சோலைமந்தி துடைக்காத நுரை

விலங்குகளும் பறவைகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்த நாளில், ஆனைமலைக் காட்டில் காப்பிக்கடை வைத்திருந்தவள் சோலைமந்தி. தலையிலிருந்து வால் நுனி வரை கன்னங்கரேல் என்று ஒரே கறுப்பு. அவள் ஊற்றிய காப்பியும் அதே கறுப்புதான்.

கடை இருந்தது பெரிய அத்திமரத்தடியில். நாலு தடமும் வந்து கூடுகிற இடம். அங்கே கடை வைத்திருப்பவளுக்குக் காட்டில் தனி மரியாதை. மந்திக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருக்கும். "கடுங்காப்பி ஒண்ணுதான். குடிச்சா குடி, இல்லாட்டி ஓடைத் தண்ணி இருக்கு" என்பாள்.

ஒரு நாள் எதிர்மரத்தில் மலையணில் கடை விரித்தான். கீச்சுக்குரலில் ஒரே மூச்சு: "பலாச்சுளைக் காப்பி, தேன் காப்பி, நாவப்பழக் காப்பி, நெல்லிக்காய்க் காப்பி, வாங்க வாங்க வாங்க!"

"ம்ர்ர்ம்... தேன்னா சொன்னான்?" என்று கரடி எழுந்து போனது. "க்ராக்! எத்தனை நாளைக்குத்தான் ஒரே கறுப்பு?" என்று இருவாச்சியும் பறந்தது. மைனா மட்டும் போகாமல் உட்கார்ந்து, மந்தியின் குரலிலேயே கத்தியது: "குடிச்சா குடி, இல்லாட்டி ஓடைத் தண்ணி!"

"போடி வாயாடி!" மந்தி ஒரு அத்திக்காயை எறிந்தாள். குறி தப்பியது.

அணிலுக்கு ஆசை வளர்ந்தது. "அக்கா, அத்திமரத்தடி எனக்கு வேணும். யானைக் கூட்டத்துப் பெரியாத்தா நாளைக்குக் காலையில இந்தப் பக்கம் வர்றாங்க. ரெண்டு பேரும் ஊத்துவோம். யாரோடதை இன்னொரு தடவை கேக்குறாங்களோ, அவங்களுக்கே இடம். என்ன, பயமா?"

"எனக்கா?" என்றாள் மந்தி. சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்கு ஓடினாள்.

அன்றைக்கெல்லாம் புதுசு புதுசாகப் போட்டுப் பார்த்தாள். மிளகு போட்டாள்; கரடி தும்மிய தும்மலில் அடுப்பு அணைந்தது. பல் கூசப் புளிக்கிற புளியாரைக் கீரை போட்டாள், இருவாச்சியின் மூக்கு கோணிக்கொண்டது. கடைசியில் கன்று போட்டிருந்த காட்டெருமையிடம் போய் நின்றாள். "கொஞ்சம் பால் குடேன், தங்கச்சி." பாலும் டிகாக்ஷனும் கலந்ததை ஒரு வாய் குடித்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். "இதுதான்டீ!"

மறுநாள் பெரியாத்தா வந்தாள். அணில் முந்திக்கொண்டு பன்னிரண்டு இலைத்தொன்னைகளை ஆவி பறக்க வரிசையாக வைத்தான். பெரியாத்தா துதிக்கையை விட்டாள். "ஆத்தாடி, மூக்கு!" என்று அலறினாள். மற்றவர்கள் சூடாக இருந்தால் ஊதிக் குடிப்பார்கள். அவளும் ஊதினாள். யானை ஊதினால் என்ன ஆகும்? தொன்னை, அடுப்புச் சாம்பல், அணில் எல்லாம் போய்க் கரடிமேல் விழுந்தன.

"எனக்குச் சூடே வேண்டாம். நான் கிளம்புறேன்" என்று திரும்பினாள் பெரியாத்தா.

மந்தியின் அடுப்பில் பால்காப்பி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஆறும்வரை யானை நிற்காது. ஆறாமல் கொடுத்தால் குடிக்காது. அத்திமரம் கையை விட்டுப் போகப்போகிறது.

"பத்து எண்ணுங்க ஆத்தா, பத்தே பத்து!" என்று கத்தினாள். காப்பியை ஒரு மூங்கில் குழாயில் மொண்டுகொண்டு, இன்னொன்றை இடுக்கிக்கொண்டு, மரத்தில் பாய்ந்தேறினாள். கிளையைக் கால்களால் கவ்விப் பிடித்துக்கொண்டு, மேல்கையிலிருந்து கீழ்க்கைக்கு ஊற்றினாள். கீழ்க்கை மேலே போனது. மறுபடி ஊற்றினாள். காப்பி கயிறு மாதிரி காற்றில் நீண்டது. சூடு இறங்கியது. யாரும் எதிர்பாராமல் குழாய்க்குள் நுரை பொங்கியது. பொங்கி வழிந்தது. காற்று அதை அள்ளி அவள் முகத்தைச் சுற்றி அப்பியது.

"மந்தியக்காவுக்கு நரைச்சுப்போச்சு!" என்று கூவியது மைனா. காடே சிரித்தது.

மந்தி சிரிப்பைக் காதில் வாங்காமல் குழாயை நீட்டினாள். பெரியாத்தா துதிக்கை நுனியால் பயந்து பயந்து தொட்டாள். உறிஞ்சினாள். வாய்க்குள் விட்டாள். மறுபடி குழாய்க்குள் துதிக்கையை விட்டுத் துழாவினாள்.

"மந்தி."

"ஆத்தா?"

"இன்னொண்ணு ஊத்து. அந்த நுரையோட."

கரடியின் மேலிருந்து எழுந்த அணிலே முதலில் கை தட்டினான். "முகத்தைத் துடைச்சுக்கக்கா" என்று ஒரு இலையை நீட்டினான்.

"துடைக்கிறதா? தேடி வர்றவங்க தூரத்திலிருந்தே கடைக்காரியைப் பார்க்க வேண்டாமா?" என்றாள் மந்தி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

அவளும் துடைக்கவில்லை, அவள் பிள்ளைகளும் துடைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் சோலைமந்தியின் கரிய முகத்தைச் சுற்றி அந்த வெள்ளை நுரை நிற்கிறது. நாமும் காப்பியை உயரத் தூக்கி ஆற்றாமல் குடிப்பதில்லை.