ஒண்ணும் நடக்காத பள்ளிக்கூடம்

அரைக்காணிப்பட்டிக்காரர்கள் யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். யோசிக்கிற வேலையை மட்டும் சொன்னவர் தலையிலேயே விட்டுவிடுவார்கள். ஊர் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை தில்லைநாயகிக்கு இந்தக் குணம் தெரியாது. பாவம், வேறு மாவட்டத்துக்காரர். பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வேலைமெனக்கெட்டுப் பேசினார்.

“தினமும் சாயங்காலம், ‘இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு’ன்னு பிள்ளைங்களைக் கேளுங்க. அவங்க சொல்றதை நம்புங்க. பையைத் திறந்து பாருங்க. இந்த மூணும் செஞ்சாப் போதும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று சாயங்காலமே பத்தொன்பது பிள்ளைகளையும் வாசலில் மறித்து, செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டார்கள். பசியோடு வந்த பிள்ளைகள், “ஒண்ணும் நடக்கல” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடின. டீக்கடை பூலுடையானின் மகள் இசக்கியம்மாள் மட்டும், “முட்டை போட்டாங்க” என்றாள்.

பிறகு பையைத் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். உள்ளே டீச்சர் எழுதிய கடிதம் இருந்தது, பிள்ளை வரைந்த படம் இருந்தது. இருந்தால் என்ன? பார்க்கத்தானே சொன்னார், எடுத்துப் படிக்கச் சொல்லவில்லையே!

பத்து நாளும் இதே கேள்வி, இதே பதில். பதினோராம் நாள் பள்ளி மேலாண்மைக் குழு பூலுடையானின் டீக்கடையில் அவசரமாகக் கூடியது. குழுவின் தலைவி செவத்தக்கனி. முதலில் வருகிறவர் நாற்காலியில் உட்காரலாம் என்று யாரோ சொல்ல, இந்த அம்மாள் முதலில் வந்து தலைவியாகிவிட்டார்.

“ஏ மாசாணமுத்தண்ணே, பத்து நாளா ஒண்ணுமே நடக்கலையாம். இத இப்படியே விடலாமா?” என்று தொடங்கினார் செவத்தக்கனி.

மாசாணமுத்து தையற்கடைக்காரர். “எப்படி விட முடியும்? நான் பத்து நாள் ஒண்ணும் தைக்காம இருந்தா ஊரு சும்மா விடுமா?”

“பிள்ளைங்க பொய் சொல்லுதோ என்னமோ” என்று பூலுடையான் இழுத்தார்.

“நம்பச் சொல்லியிருக்காவ, நம்பியாச்சு. நம்புனதத் திருப்பி எடுக்க முடியுமா வே?” என்று மாசாணமுத்து மடக்கினார்.

“அப்போ என் மவ சொன்ன முட்டை?”

மாசாணமுத்து கண்ணை மூடி யோசித்தார். “அது சமையக்கட்டுல நடந்தது. சமையக்கட்ட மட்டும் வச்சுக்கிட்டு மத்தத மூடிரலாம்.”

இந்த மூளைகள் மூன்றும் சேர்ந்து, எதற்கும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தன. போனால், பள்ளிச் சுவரில் ஒரு பலகை: வகுப்பு நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். மூவரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்கள். உள்ளே பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கூரை அதிரச் சொல்லிக்கொண்டிருந்தன.

“எனக்கு ஒண்ணும் தெரியல. உங்களுக்கு?” என்றார் பூலுடையான்.

“எனக்குத் தென்னமரம்தான் தெரியுது. இந்தக் கூப்பாட்டுல உள்ள என்ன நடக்குதுன்னு கேக்கவும் மாட்டேங்குது” என்று செவத்தக்கனி சலித்துக்கொண்டார்.

அன்றைக்கே வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு போனது. “எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே மூடிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

செய்தி தெரிந்து தில்லைநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது பிள்ளைகள் படிக்கிற பள்ளியை மூட மேலே இருப்பவர்களுக்கு இப்படி ஒரு சாக்கு போதும். மூடிவிட்டால் அந்தப் பொடிசுகள் லாரி பறக்கிற ரோட்டைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் நடக்கவேண்டும். பெற்றவர்களுக்கு அந்த நினைப்பே இல்லை.

ஒரு மாதம் கழித்து அதிகாரி பள்ளிக்கு வந்தார். மனு கொடுத்த மூவரும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்கள். பிள்ளைகளை வராந்தாவில் தன்னைச் சுற்றி உட்காரவைத்து, “பள்ளிக்கூடத்துல என்னல்லாம் நடந்துச்சு, சொல்லுங்க பாப்போம்” என்றார்.

“டீச்சர் தலையில பல்லி விழுந்துச்சு!”

“எனக்குப் பல்லு விழுந்துச்சு! டீச்சர் தாள்ல மடிச்சுக் குடுத்தாங்க, பையில இருக்கு!” இது செவத்தக்கனியின் மகள்.

“பேச்சுப் போட்டியில எனக்கு முதல் பரிசு!” இது மாசாணமுத்துவின் மகன்.

அதிகாரி பைகளை வாங்கிக் கவிழ்த்தார். பல் வந்தது. பரிசுச் சான்றிதழ் வந்தது. டீச்சரின் கடிதங்கள் கத்தையாக வந்தன.

“இதையெல்லாம் நீங்க பாக்கவே இல்லையா?”

“தினமும் பாத்தேன் ஐயா. ஒரு நாள்கூடத் தவறல” என்றார் மாசாணமுத்து பெருமையாக.

“பிள்ளைங்க இவ்வளவு சொல்லுதே, இப்ப என்னய்யா சொல்றீங்க?”

“அது உங்ககிட்டச் சொன்னது ஐயா. எங்ககிட்டச் சொன்னதத்தான் நாங்க நம்பணும்” என்றார் செவத்தக்கனி.

தில்லைநாயகி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மனுவை வாபஸ் வாங்குறதா எழுதிக் குடுங்க, பள்ளிக்கூடம் அது பாட்டுக்கு நடக்கட்டும். காரணத்தையும் எழுதணும்.”

மூவரும் ஒரு மூலைக்குப் போனார்கள்.

“பல்லு விழுந்ததுனாலன்னு எழுதலாமா?” என்றார் செவத்தக்கனி.

“உங்க மவ பல்லுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?” என்று மாசாணமுத்து மறுத்துவிட்டார். “உள்ளதத்தான் எழுதணும். மனு குடுத்து எத்தன நாளாச்சு?”

“முப்பத்திரண்டு” என்றார் பூலுடையான்.

“பள்ளிக்கூடத்த மூடுனாவளா?”

“இல்லையே.”

“அப்புறம் என்ன, எழுதும் வே!”

அரை மணி நேரத்தில் தாள் அதிகாரியின் கைக்கு வந்தது. அதில் இருந்தது இதுதான்:

“மனு கொடுத்து முப்பத்திரண்டு நாளாகியும் தங்கள் அலுவலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. எனவே அந்த மனுவை வாபஸ் வாங்குகிறோம். பள்ளிக்குப் பதிலாகத் தங்கள் அலுவலகத்தை மூடிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். மாசாணமுத்து பவ்வியமாகப் பேனாவை நீட்டினார்.

“கீழ ஒரு கையெழுத்துப் போட்டுருங்க ஐயா. உங்க ஆபீஸ்ல சமையக்கட்டு இருந்தா, அத மட்டும் மூட வேண்டாம்.”