ஆறிய பாகு

குருபூஜைக்காக மடத்தில் கடலை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படிப் பொறுப்பு பொன்னம்பலத்துக்கு. குரு திலகவதி அம்மையாரைவிட வயதில் மூத்தவர்தான், ஆனாலும் இவர்தான் சீடர். அன்று அவருக்குக் கரண்டியே கனத்தது.

அறந்தாங்கியில் தங்கை படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பக்கத்தில் ஆளில்லை. வந்துவிடு அண்ணே என்று போனில் அழுதிருந்தாள். இவரும் தினமும் கிளம்பத்தான் பார்க்கிறார். அதற்குள் அரிசி மூட்டை வந்துவிடும், இல்லையென்றால் யாத்திரைக்காரர்கள் வந்துவிடுவார்கள். மறுபடி அடுப்படியே கதி. மனுஷனுக்கு அலுத்தே போய்விட்டது.

அம்மையார் எட்டிப் பார்த்தபோது கேட்டுவிட்டார்.

"வந்த புதுசுல நெனச்சா போவேன், நெனச்சா வருவேன். இப்ப வாசப்படி தாண்ட முடியலை. எனக்கு என்னம்மா ஆச்சு?"

அம்மையார் உள்ளே வந்தார். ஒரு தட்டில் வெல்லப்பாகைச் சூடாக ஊற்றி, ஒரு கைப்பிடி கடலையைத் தூவினார். ஒன்றைக் குச்சியால் தள்ளச் சொன்னார். அது மட்டும் தனியாக நழுவிப் போயிற்று.

பாகு ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு மறுபடி தள்ளச் சொன்னார். இப்போது சுற்றியிருந்த கடலைகளும் சேர்ந்து இழுபட்டன. இவருக்குக் கைதான் வலித்தது.

"கடலையை விடுங்க, பாகே அப்படித்தான்" என்றார் அம்மையார். "சூட்டுல ஒவ்வொரு துளியும் தன் பாட்டுக்கு ஓடும். ஆற ஆற, பக்கத்துத் துளி எடம் விட்டாத்தான் இது நகரும். அது எடம் விட, அதுக்கு அடுத்தது விலகணும்."

"அப்ப நான் இறுகிட்டேன். அவ்வளவுதானா?"

"எங்க போகணும்?"

பொன்னம்பலம் தங்கையைப் பற்றிச் சொன்னார்.

"இதை இங்க யார்கிட்ட சொன்னீங்க?"

பொன்னம்பலம் யோசித்தார். காய் நறுக்கும் கோமதியிடம் சொல்லவில்லை. தண்ணீர் இறைக்கும் சேதுவிடமும் இல்லை. அம்மையாரிடமே இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லலைம்மா."

அம்மையார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் கிடந்த பொன்னம்பலத்தின் மணையில் உட்கார்ந்தார்.

"மொதல்ல நான் நகர்றேன். கரண்டியைக் குடுங்க."